பாட்டு வரிசையில் ஒரு மதம்: ‘கான்செப்ட் ஆல்பம்’ என்றால் என்ன, ஆஸ்மண்ட்ஸ் அதை வைத்து என்ன செய்தார்கள்?

ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது ஒருவர் “அது கான்செப்ட் ஆல்பம்ங்க” என்பார். என்ன கான்செப்ட் என்று கேட்டால், பாதி நேரம் பதில் “எல்லாப் பாட்டும் காதலைப் பற்றி” என்று வரும். அப்படிப் பார்த்தால் உலகத்தில் பாதி ஆல்பம் கான்செப்ட் ஆல்பம்தான். சாமியைப் பற்றிய பாட்டுகள் என்றால் குழப்பம் இன்னும் கூடும். பக்திப் பாடல் தொகுப்பு, பிரசங்கம், மதப் பிரசாரம், கான்செப்ட் ஆல்பம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க 1973-இல் வந்த ஒரு ஆல்பம் நல்ல உதாரணம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சகோதரர்கள் ஐந்து பேர், தி ஆஸ்மண்ட்ஸ் என்ற பாப் குழு. ஆல்பத்தின் பெயர் ‘த ப்ளான்’. அதாவது, திட்டம். யாருடைய திட்டம் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அடிப்படை.

மிக்சர் பொட்டலமும் கல்யாண இலையும்

மிக்சர் பொட்டலத்தில் கையை எந்தப் பக்கம் விட்டாலும் ஒன்றுதான். ஓமப்பொடி முதலில் வந்தாலும் கடலை முதலில் வந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. சாதாரண ஆல்பம் இந்த வகை. பத்துப் பாட்டு இருக்கும், பிடித்ததை எடுத்துக் கேட்கலாம்.

கல்யாணப் பந்தி அப்படி இல்லை. சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருக்கிறது. மோர்ச் சாதத்துக்கு அப்புறம் சாம்பார் வாளி வந்தால் சாப்பிடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பரிமாறுகிறவர் மேல் தப்பு, சாம்பார் மேல் இல்லை. ஒவ்வொரு பண்டமும் தனியாகவும் ருசிதான். பாயசத்தை மட்டும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் இலையில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது வேறு அனுபவம். எதற்கு முன் எது, எதற்குப் பின் எது என்பதிலும் சமையல்காரரின் கைவண்ணம் இருக்கிறது.

கான்செப்ட் ஆல்பம் என்பது இந்த இலை. பாட்டுகள் தனித்தனியே தராத ஒரு பொருளை, சேர்ந்தும் வரிசையாகவும் நின்று தருகிற ஆல்பம். அது கதையாக இருக்கலாம், ஒரு மனநிலையாக இருக்கலாம், ஒரு கருத்தாக இருக்கலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி, வரிசையைக் கலைத்துப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அது மிக்சர்.

இசைத்தட்டு இதைச் சாத்தியமாக்கியது

ஆல்பம் என்ற சொல்லே கல்யாண ஃபோட்டோ ஆல்பத்தோடு உறவுள்ளது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகள் வைத்துத் தைத்த ஒரு புத்தகத்தில் செருகி விற்றார்கள். பார்க்க ஃபோட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. எல்பி என்றால் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம். இதோடு கூடவே சிங்கிள் என்பதும் பழக்கமானது. ரேடியோவுக்கும் கடைக்கும் தனியாக வெளியிடப்படும் ஒற்றைப் பாட்டு அது. டம்ளர் பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்பி வந்ததும் பாடகர்களுக்கு 40 நிமிட நேரம் மொத்தமாகக் கிடைத்தது. அந்த நேரத்தை அவர்கள் பயன்படுத்திய விதத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. 1955-இல் ஃப்ராங்க் சினாட்ரா ஒரு முழு எல்பியையும் தூக்கம் வராத தனிமை இரவின் பாட்டுகளால் நிரப்பினார். கதை கிடையாது, மனநிலை மட்டும். 1967-இல் பீட்டில்ஸ் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தில் வேறொரு கற்பனை இசைக்குழுவாக வேடம் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்த வேடம் தொடக்கத்திலும் கடைசிக்குக் கொஞ்சம் முன்பும்தான் தெரியும். நடுவில் உள்ள பாட்டுகளுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 1969-இல் தி ஹூ குழுவின் ‘டாமி’யில் ஒரு சிறுவனின் முழுக் கதையே வந்துவிட்டது. மூன்றையும் கான்செப்ட் ஆல்பம் என்றுதான் சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கான்செப்ட் ஆல்பத்துக்குக் கதை கட்டாயம் இல்லை, வரிசைக்கும் சேர்க்கைக்கும் ஒரு அர்த்தம் இருந்தால் போதும்.

நம்பிக்கையைப் பாடுவதில் எத்தனை விதம்?

மதநம்பிக்கையைப் பாட்டில் கொண்டுவருவது பல விதம். பிரித்தறிய ஒரு சுலபமான கேள்வி இருக்கிறது. பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது?

கடவுளைப் பார்த்துப் பாடினால் துதி. கோயிலிலும் தேவாலயத்திலும் கேட்கிற பெரும்பாலான பாட்டுகள் இப்படித்தான். பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே நம்பிக்கைக்காரர்கள் என்பதால் எதையும் விளக்கவேண்டியதில்லை. ஊரைப் பார்த்து “நீ இப்படிச் செய்” என்றால் பிரசங்கம். “எனக்கு இப்படி நடந்தது” என்று தன் அனுபவத்தைச் சொன்னால், தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்வது போல, சாட்சி.

நாலாவது ஒன்று உண்டு. ஒரு ஆத்மாவைப் பாத்திரமாக வைத்து, அது கடந்துபோகிற பாதை முழுவதையும் கேட்கிறவர் கூடவே நடந்து பார்க்கும்படி செய்வது. இதை ஒரு பாட்டில் செய்வது கஷ்டம். மூன்று நிமிடத்தில் பிறப்பு, தவிப்பு, மரணம், மறுமை எல்லாவற்றையும் அடக்கினால் அது பாட்டாக இருக்காது, பொருளடக்கமாகிவிடும். இதற்குத்தான் முழு ஆல்பம் தேவைப்படுகிறது.

1970-களின் தொடக்கத்தில் பாப் இசையில் கடவுள் பெயர் புதிதில்லை. பீட்டில்ஸிலிருந்து பிரிந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970-இல் கிருஷ்ணரைப் பாடினார்; அந்தப் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ராக் இசையில் வந்தது. நம்பிக்கையும் ராக்கும் சேர்வது அப்போது ஓரளவு நாகரிகமாகவே இருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட சபையின் போதனையை, அதன் தனி வரைபடத்தோடு, விடலைப் பெண்கள் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடும் ஒரு குழு பாடுவது வேறு சங்கதி.

யார் இந்த ஆஸ்மண்ட்ஸ்?

யூட்டாவின் ஆக்டன் நகரத்துக் குடும்பம். ஒன்பது பிள்ளைகள். மூத்தவர்கள் இருவருக்கும் காது கேளாது. அவர்களுக்குச் செவிக்கருவி வாங்கப் பணம் சேர்க்கத்தான் தம்பிகள் பாட ஆரம்பித்தார்கள். ஆலன், வெய்ன், மெரில், ஜே நால்வரும் வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடும் பழைய பாணிப் பாட்டுகளில் தேர்ந்தவர்கள். 1962-இலிருந்து பாடகர் ஆண்டி வில்லியம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வளர்ந்தார்கள். டானி அப்புறம் சேர்ந்தார்.

1971-இல் ‘ஒன் பேட் ஆப்பிள்’ அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அதிலிருந்து ஓட்டம்தான். விமான நிலையங்களில் பெண்பிள்ளைகள் அலறும் கூட்டம். அதில் பெரும்பகுதி டானியின் முகத்துக்காக வந்தது. 1972-இல் ‘க்ரேஸி ஹார்ஸஸ்’ என்று கனமான ராக் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். கார்கள் கக்கும் புகையைப் பற்றிய பாட்டு அது. தலைப்பில் வரும் குதிரையைப் போதைப்பொருளுக்கான சங்கேதச் சொல் என்று எண்ணித் தென்னாப்பிரிக்காவில் தடை செய்தார்கள். புகையிலை, மது மட்டுமில்லை, காபி, டீ கூடத் தொடாத குடும்பம் இது!

தொடாததற்குக் காரணம் அவர்களுடைய சபை. அதன் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவியது. இப்போது தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. வெளியார் மார்மன் என்று அழைப்பார்கள். ஆஸ்மண்ட்ஸ் காலத்தில் சபையினரே அந்தப் பெயரைச் சாதாரணமாகப் பயன்படுத்தினார்கள். 2018 முதல் முழுப்பெயரையே சொல்லும்படி சபை கேட்டுக்கொள்கிறது.

‘திட்டம்’ எதைச் சொல்கிறது?

சபையில் இரட்சிப்பின் திட்டம் என்று ஒரு போதனை உண்டு. மனிதன் எங்கிருந்து வந்தான், இங்கே ஏன் இருக்கிறான், எங்கே போகிறான் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே கோட்டில் பதில் சொல்வது அது. ஆல்பத்தின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் ஆவிகளாக, பரலோகத் தந்தையின் பிள்ளைகளாக, அவரோடு ஒரே வீட்டில் இருந்தோம். பூமிக்குப் போய் உடம்பு எடுத்து, நல்லது கெட்டதை நாமே தேர்ந்து, வளர்ந்து திரும்ப வேண்டும் என்பது தந்தையின் திட்டம். லூசிஃபர், அதாவது சாத்தான், அதை எதிர்த்தான். தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே வேண்டாம், எல்லோரையும் கட்டாயமாகக் கரைசேர்க்கிறேன், பெருமை எனக்கு என்றான். பரலோகத்தில் போர் மூண்டது. தோற்றவன் தள்ளப்பட்டான். தமிழ் வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் வருகிற வானத்து யுத்தத்தை இந்தச் சபை இப்படி வாசிக்கிறது.

அப்புறம் நாம் பூமியில் பிறக்கிறோம். பழையது எதுவும் நினைவில் இருக்காது. நடுவில் ஒரு திரை விழுந்துவிடுகிறது. பரீட்சை அறைக்குள் போகும்போது புத்தகத்தை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வது மாதிரி. புத்தகம் கையில் இருந்தால் அது பரீட்சை ஆகாது. மரணத்துக்குப் பிறகு உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு, கடைசியில் தந்தையின் வீடு. குடும்ப உறவும் மரணத்தோடு முடிவதில்லை. ஆலயத்தில் செய்யும் ஒரு சடங்கால் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் நித்தியத்துக்கும் இணைக்கப்படுகிறார்கள் என்பது நம்பிக்கை.

இதில் எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. பாட்டு வரிசையைப் புரிந்துகொள்ள இந்தக் கோடு போதும்: வீடு, போர், பூமி, தவிப்பு, திரும்புதல்.

தட்டைச் சுழலவிடுவோம்

ஊசியை வைக்கும் முன் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பாருங்கள். எம்ஜிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரோடு ‘கோலோப்’ என்று ஒரு சொல் இருக்கும். அது சகோதரர்களின் சொந்த லேபிள், அதாவது வெளியீட்டுப் பெயர். சபையின் வேதநூல்களில் ஒன்றில் கோலோப் என்பது கடவுளின் சிங்காசனத்துக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம். அங்கே ஒரு நாள் என்பது நமக்கு ஆயிரம் ஆண்டு. டானி படத்துக்காகத் தட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனை முறை இந்தச் சொல் சுழல்வதைப் பார்த்திருப்பார்கள்! அர்த்தம் தெரிந்தவருக்கு அது நட்சத்திரம், தெரியாதவருக்கு ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். ஆல்பம் முழுவதுமே இந்த இரட்டை வாசிப்பில்தான் ஓடுகிறது.

மொத்தம் 12 பாட்டு. பெரும்பாலானவற்றை ஆலன், வெய்ன், மெரில் மூவரும் எழுதினார்கள். முதல் பாட்டு ‘வார் இன் ஹெவன்’. பரலோகத்தில் போர். பாப் ஆல்பத்தை இப்படித் திறப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வழக்கமாக முதல் இடத்தில் ஹிட் பாட்டைத்தான் வைப்பார்கள். கடைசிப் பாட்டு ‘கோயின் ஹோம்’. வீட்டுக்குப் போகிறேன்.

இந்த இரண்டும் அடைப்புக்குறிகள். தனியாகக் கேட்டால் ‘கோயின் ஹோம்’ ஊர் திரும்பும் பாட்டு. சுற்றுப்பயணத்தில் அலுத்துப்போன எந்தக் குழுவும் பாடலாம். ஆனால் 40 நிமிடத்துக்கு முன்னால் பரலோகத்துப் போரைக் கேட்டவருக்கு அது எந்த வீடு என்பது தெரியும். பாட்டு மாறவில்லை, அதன் இடம்தான் அர்த்தத்தை மாற்றுகிறது. நம்பிக்கையைச் சொல்லும் கான்செப்ட் ஆல்பத்தின் இயக்கம் முழுவதும் இதுதான்.

‘லெட் மி இன்’ இதைவிட நல்ல உதாரணம். உள்ளே விடு என்று கெஞ்சும் மெல்லிய பாட்டு. சிங்கிளாக வாங்கியவருக்கு அது காதலியின் மனக்கதவைத் தட்டும் காதலன். ஆல்பத்தில் அது ஐந்தாவது. அதற்கு இரண்டு பாட்டு முன்னால் ‘பிஃபோர் த பிகினிங்’, அதாவது ஆரம்பத்துக்கும் முன்பு, நாம் எங்கே இருந்தோம் என்பது வந்துவிட்டது. ஒருமுறை உள்ளே இருந்தவன் இப்போது வெளியே நிற்கிறான். தட்டுவது யார் வீட்டுக் கதவு என்று யோசிக்கத் தோன்றும். பாட்டு இரண்டு பதிலுக்கும் இடம் விடுகிறது, அதுதான் அதன் சாமர்த்தியம்.

இரண்டாம் பக்கம் ‘ஆர் யூ அப் தேர்?’ என்ற கேள்வியோடு தொடங்குகிறது. மேலே இருக்கிறாயா? துதிப் பாட்டில் இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்கமாட்டார்கள். பதில் தெரிந்தவர்கள் பாடுவது துதி. இங்கே பாடுகிறவன் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறான், அவனுக்கு ஞாபகம் இல்லை. மேலே சொன்ன நாலாவது விதம் இதுதான். ஆஸ்மண்ட் சகோதரர்களுக்குச் சந்தேகம் இல்லை, அவர்கள் போட்டுக்கொண்ட பாத்திரத்துக்கு இருக்கிறது.

‘டார்லின்’ என்று ஒரு பாட்டு வருவதைப் பார்த்து, கடைக்காரர்களுக்காகச் செருகியது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணவாழ்வு நித்தியம் என்று நம்புகிற சபையில் காதல் பாட்டுக்கும் திட்டத்தில் இடம் உண்டு. அதை அடுத்து ‘த லாஸ்ட் டேஸ்’, கடைசி நாட்கள். சபையின் பெயரிலேயே பிற்காலம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வரிசை கச்சிதமாக இருக்கிறதா என்றால், இல்லை. ‘ட்ராஃபிக் இன் மை மைண்ட்’ என்ற கனமான ராக் பாட்டு இரண்டாவதாக வந்து நேரே பூமிக் குழப்பத்தில் தள்ளுகிறது. அதன் பிறகுதான் ‘ஆரம்பத்துக்கு முன்பு’ வருகிறது. காலவரிசைப்படி அது தலைகீழ். நடுவில் உள்ள ‘ஒன் வே டிக்கெட் டு எனிவேர்’, ‘இட்ஸ் ஆல்ரைட்’ போன்றவை திட்டத்தின் எந்தப் படி என்று அடித்துச் சொல்ல முடியாது. ராக், மெல்லிசை, ஊதுகருவிகள் என்று பாணியும் பாட்டுக்குப் பாட்டு தாவுகிறது. 24 வயது ஆலன் தலைமையில், 15 வயது டானியைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை. பந்தி நன்றாகத் தொடங்குகிறது, நன்றாக முடிகிறது. நடுவில் இரண்டு மூன்று வாளிகள் இடம் மாறிவிட்டன. ‘டாமி’ அளவுக்கு இறுக்கம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சுருக்கமாக: இதில் நம்பிக்கை தனித்தனி வரிகளில் இருப்பதைவிட, முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது.

அடிக்கடி கேட்கிற இரண்டு தவறுகள்

ஒன்று, “மதம் பாடினதால் மார்க்கெட் போச்சு” என்பது. அமெரிக்காவில் ஆல்பம் 58-ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்பது உண்மை. ‘லெட் மி இன்’, ‘கோயின் ஹோம்’ இரண்டு சிங்கிளும் 36-ஆம் இடத்தோடு நின்றன. ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த குழுவுக்கு இது சறுக்கல். ஆனால் அதே இரண்டு பாட்டும் பிரிட்டனில் முறையே 2, 4-ஆம் இடங்களுக்குப் போயின. மதம்தான் காரணம் என்றால் பிரிட்டன்காரர்களுக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தமாகிறது. அவர்கள் பாயசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ‘லவ் மி ஃபார் எ ரீசன்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது; மார்க்கெட் எங்கும் போகவில்லை.

இன்னொன்று, “கடவுளைப் பற்றிப் பாடினால் அது நம்பிக்கைக் கான்செப்ட் ஆல்பம்”. 1981-இல் யூ2 குழு வெளியிட்ட ‘அக்டோபர்’ முழுக்கக் கிறிஸ்தவ உணர்வு ஊறியது. லத்தீன் துதி வரிகள்கூட வருகின்றன. ஆனால் வரிசைக்குள் ஒளிந்த வரைபடம் எதுவும் அதில் இல்லை. நல்ல ஆல்பம், நம்பிக்கை ஆல்பம். கான்செப்ட் ஆல்பம் இல்லை. இந்தப் பெயர் ஒன்றும் பட்டம் கிடையாது, அது இல்லாததால் ‘அக்டோபர்’ குறைந்துபோகவும் இல்லை.

கேட்டுப் பார்க்க நினைத்தால்

செல்பேசியில் கேட்கிறீர்கள் என்றால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுகளைக் கலைத்துப்போடும் அந்த வசதி இந்த வகை ஆல்பத்துக்கு எமன். ஆறாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகிற ஒருவழி டிக்கெட்டோடு முதல் பக்கம் முடிகிறது, ஊசி கரகரவென்று உரசுகிறது, கையில் தட்டோடு நிற்கிறோம். மறுபக்கத்தில் காத்திருப்பது அந்தக் கேள்வி: மேலே இருக்கிறாயா?